தேக்கை எங்கே வைப்பது: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. ஓய்வு பெற்ற கையோடு வீடு கட்டத் தொடங்கிவிட்டாய் என்பதும், சுவர்கள் எழும்பி நிலைகள் வைக்கும் கட்டம் நெருங்கிவிட்டது என்பதும் மகிழ்ச்சி தந்தன. முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று நீ எழுதிய ஒரு வரி அதைவிடப் பெரிய மகிழ்ச்சியைத் தந்தது. இங்கே யாவரும் நலம். பட்டறையை என்னிடம் தொழில் கற்றவர்களே இப்போது நடத்துகிறார்கள். பலகைகளைப் பார்த்துத் தேர்ந்து கொடுப்பதும், கேட்டால் யோசனை சொல்வதுமாக என் பொழுது நிறைவாகவே கழிகிறது.

நிலை, கதவு, சன்னல், கட்டில், அலமாரி, கூரையின் உத்திரம் எல்லாவற்றையும் தேக்கிலேயே செய்துவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம் என்பதுதான் என் பதில். இத்தனை ஆண்டுகளாகக் கையாண்டும் தேக்கின் மீது எனக்குள்ள மதிப்பு கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. அந்த மதிப்பினால்தான் இதைச் சொல்கிறேன். அதன் அருமை எதில் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால், எந்த இடத்துக்கு அது இன்றியமையாதது, எந்த இடத்தில் அது வீண் என்பது உனக்கே விளங்கிவிடும்.

தேக்கு மிக வலுவான மரம், அதனால்தான் உயர்ந்தது என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. அது நல்ல வலுவுள்ள மரம்தான். ஆனால் மிக வலுவான மரம் அன்று. டேராடூனில் 1906-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட வன ஆராய்ச்சி நிறுவனம், மரங்களின் இயல்புகளை ஒப்பிடுவதற்குத் தேக்கின் மதிப்பை 100 என்று வைத்துக்கொண்டு மற்ற மரங்களுக்கு எண்கள் தந்திருக்கிறது. பாரம் தாங்கும் திறனிலும் கடினத்திலும் சால் போன்ற மரங்கள் அந்த நூறைத் தாண்டியே நிற்கின்றன. காய்ந்த தேக்கு கன மீட்டருக்கு ஏறத்தாழ 600 முதல் 700 கிலோ எடையுள்ளது; அந்த எடைக்கு அதன் வலு பாராட்டத்தக்கது என்று சொல்லலாம், அதற்கு மேல் சொல்ல முடியாது. திடீர் அதிர்ச்சியைத் தாங்குவதில் அது பின்தங்கியே இருக்கிறது. கோடரிக் காம்புக்கும் சுத்தியல் பிடிக்கும் வளைந்துகொடுக்கும் வேறு மரங்களையே நாடுகிறோம். தேக்கு அங்கே எளிதில் முறிந்துவிடும். ஆகவே உன் கூரை உத்திரத்துக்குத் தேக்கு தேவையில்லை. மழை படாத, காற்றோட்டமுள்ள இடத்தில் பாரம் தாங்குவதற்கு அதைவிடக் கனமான, வலுவான மரங்கள் பல இருக்கின்றன. பொறியாளர் இரும்பு விட்டத்தைப் பரிந்துரைத்தாலும் தயங்காமல் ஏற்றுக்கொள்.

தேக்கின் உண்மையான பெருமை அது தன் அளவை மாற்றிக்கொள்ளாமல் இருப்பதில் உள்ளது. இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். மரவேலையில் நேரும் தொல்லைகளில் பெரும்பங்கு இந்த ஒரு விஷயத்தைக் கவனிக்காததால் வருபவை.

பச்சை மரம் காயும்போது முதலில் அதன் உயிரணுக்களின் உட்புறத்தில் தேங்கிய நீர் வெளியேறும். அப்போது எடை குறையுமே தவிர அளவு மாறாது. ஈரப்பதம் ஏறத்தாழ 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கியபின், அந்த அணுக்களின் சுவர்களில் ஊறியிருக்கும் நீர் வெளியேறத் தொடங்குகிறது. சுருக்கம் அங்கேதான் ஆரம்பமாகிறது. நீளவாக்கில் அது பொருட்படுத்தத் தேவையில்லாத அளவு சிறியது. மையத்திலிருந்து பட்டையை நோக்கிச் செல்லும் திசையில் ஓரளவும், ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் அதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கும் மரம் சுருங்கும். இந்த இரண்டு திசைகளுக்கும் உள்ள வேறுபாடே பலகை குழிவதற்கும் முறுக்கிக்கொள்வதற்கும் வெடிப்பதற்கும் காரணம். முழுப் பச்சையிலிருந்து முற்றிலும் உலரும் வரை தேக்கு முதல் திசையில் ஏறத்தாழ 2.5 சதவீதமும் இரண்டாவதில் 5.8 சதவீதமும் சுருங்குகிறது. மேலைநாடுகளில் நாற்காலிக்கும் மேசைக்கும் பெரிதும் பயன்படும் பீச் மரத்தின் அமெரிக்க வகை, அதே நிலையில் 5.5 சதவீதமும் 11.9 சதவீதமும் சுருங்கும்.

மரம் காய்ந்து பொருளாக மாறியபின் இது முடிந்துவிடும் என்று எண்ணிவிடாதே. காற்றில் ஈரம் ஏறும்போது மரம் அதை வாங்கிக்கொண்டு விரிகிறது. காற்று வறளும்போது சுருங்குகிறது. எத்தனை பூச்சுப் பூசினாலும் இந்த அசைவைத் தாமதப்படுத்தலாம், நிறுத்த இயலாது. ஒரு கணக்கைப் பார். வளையங்களை ஒட்டி அறுத்த 30 சென்டிமீட்டர் அகலப் பலகை ஒன்றில், பருவம் மாறும்போது ஈரப்பதம் 8 சதவீதத்திலிருந்து 14 சதவீதத்துக்கு ஏறுவதாக வைத்துக்கொள். பலகை தேக்காக இருந்தால் அதன் அகலம் 3 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் கூடும். சிவப்பு ஓக் ஆனால் 6 மில்லிமீட்டருக்கும் மேல்; பீச் ஆனால் 8 மில்லிமீட்டரை நெருங்கிவிடும். தேக்கையே மையத்திலிருந்து பட்டையை நோக்கிய வாக்கில் அறுத்திருந்தால் கூடுவது 2 மில்லிமீட்டருக்கும் குறைவு. ஈரக்காற்றில் இறுகித் திறக்க மறுக்கும் கதவுக்கும், வறண்ட காலத்தில் தாழ்ப்பாள் எட்டாமல் போகும் சன்னலுக்கும், எல்லாப் பருவத்திலும் ஒரே மாதிரி ஓசையின்றி மூடிக்கொள்ளும் கதவுக்கும் உள்ள தூரம் இந்தச் சில மில்லிமீட்டர்தான்.

ஆனால் தேக்கும் அசையவே செய்கிறது என்பதை இதே கணக்கு காட்டுகிறது. ஆகவே உன் தச்சரிடம் ஒன்றை உறுதி செய்துகொள். கதவின் சட்டங்களுக்கு நடுவே வரும் அகலப் பலகையைப் பசை போட்டோ ஆணி அடித்தோ இறுக்கிவிடக் கூடாது. சட்டத்தில் வெட்டிய காடிக்குள் அது தன் விருப்பப்படி விரியவும் சுருங்கவும் இடம் விட்டு நிற்க வேண்டும். மேசைப் பலகையைக் கால்சட்டத்தோடு பிணைக்கும் திருகாணிகளுக்கு வட்டத் துளைக்குப் பதிலாக நீள்துளை வைக்க வேண்டும். மரத்தை வாங்கும்போது ஈரம் அளக்கும் கருவியால் பல இடங்களில் அளந்து பார்க்கச் சொல். வீட்டுக்குள் அந்த மரம் கடைசியாக வந்து நிற்கப்போகும் ஈரப்பதத்துக்கு அது நெருங்கியிருந்தால் போதும். உலராத தேக்கைவிட நன்றாக உலர்ந்த சாதாரண மரம் மேலானது. இந்த ஒரு வரியை நீ மறக்காமல் இருந்தாலே நான் எழுதியதன் பயன் கிடைத்துவிடும்.

தேக்கு ஏன் இப்படி அடங்கி நிற்கிறது என்று நீ கேட்பாய். பள்ளிக்காலத்திலேயே காரணம் தெரியாமல் எதையும் ஏற்றுக்கொள்ளாதவன் நீ. அதன் அணுக்களில் எண்ணெய்ப் பசையுள்ள பொருள்களும் சிறிதளவு இயற்கை ரப்பரும் படிந்திருக்கின்றன. நீர் உள்ளே புகுவதற்கு இவை தடையாகின்றன. புதிதாக இழைத்த தேக்குப் பலகையைத் தொட்டால் மெழுகு தடவியது போன்ற வழுவழுப்பு இருக்கும். பதனிட்ட தோலை ஒத்த ஒரு மணமும் எழும். டெக்டோகுயினோன் முதலிய வேறு சில சேர்மங்கள் கரையானையும் மரத்தை மக்கச் செய்யும் பூஞ்சைகளையும் அண்டவிடுவதில்லை. கப்பல் கட்டுவோர் தேக்கைப் போற்றியதற்கு இதனோடு இன்னொரு காரணமும் உண்டு. ஓக் மரத்திலுள்ள டானின் இரும்பு ஆணியை அரித்து, ஆணியைச் சுற்றிய மரத்தையும் கறுத்துக் கெடச் செய்யும். தேக்கிலோ இரும்பு நெடுங்காலம் கெடாமல் இருக்கும். நெப்போலியன் காலத்துப் போர்களால் இங்கிலாந்தில் ஓக் அருகிப் போனபோது, பம்பாயின் வாடியா குடும்பத்துக் கப்பல் தச்சர்கள் மலபார்த் தேக்கைக் கொண்டு பிரிட்டிஷ் கடற்படைக்குப் போர்க்கப்பல்கள் கட்டித் தந்தார்கள். அவற்றுள் 1817-ஆம் ஆண்டு நீரில் இறக்கப்பட்ட டிரின்கோமலி என்னும் கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறைமுகத்தில் மிதந்துகொண்டிருக்கிறது. இருநூறு ஆண்டுகளைக் கடந்த அந்த உடற்கட்டைப் பற்றி நினைக்கும்போதெல்லாம், பெயர் தெரியாத அந்தத் தச்சர்களின் கைகளை வணங்கத் தோன்றுகிறது.

இத்தனை நற்குணங்களும் வைரத்துக்கு, அதாவது மரத்தின் முதிர்ந்த உட்பகுதிக்கு மட்டுமே உரியவை. இதைத்தான் வாங்குபவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். மரத்தின் வெளிப்புறத்தில் வெளிர்நிறமாக இருக்கும் வெள்ளைப் பகுதி, உயிருள்ள மரத்தில் நீரைக் கொண்டு செல்வதும் மாவுச்சத்தைச் சேமிப்பதுமான பகுதி. அது முதிர்ந்து வைரமாக மாறும்போதுதான் நான் மேலே சொன்ன சேர்மங்கள் உண்டாகிப் படிகின்றன. ஆகவே தேக்கின் வெள்ளையைப் பூச்சி அரிப்பதும் பூஞ்சை பிடிப்பதும், வேறு எந்தச் சாதாரண மரத்துக்கும் நேர்வதைப் போலவே நேரும். ஒரே நிலையில் வைரம் ஒரு பக்கமும் வெள்ளை ஒரு பக்கமுமாக இருந்தால், சில ஆண்டுகளில் ஒரு பக்கம் உளுத்து உதிர, மறுபக்கம் இரும்பைப் போல நிற்கும். சாயமும் பாலிஷும் ஏற்றிவிட்டால் இரண்டையும் கண்ணால் பிரித்தறிவது கடினம். அதனால் பாலிஷ் போடுவதற்கு முன்பே பலகைகளைப் பார்த்துவிடு. முகத்தை மட்டும் பார்க்காமல் அறுத்த முனையையும் பார். வைரமும் வெள்ளையும் அங்கே தெளிவாகப் பிரிந்து தெரியும்.

நீ கடிதத்தில் குறைப்பட்டுக்கொண்ட தோட்டத் தேக்கு விஷயத்துக்கு இங்கே வருகிறேன். காட்டுத் தேக்கு போய்விட்டது, தோட்டத்தில் வளர்ந்ததெல்லாம் பயனற்றது என்று எழுதியிருக்கிறாய். இதில் நான் உன்னோடு உடன்படவில்லை. தோட்டத்தில் தேக்கு வளர்ப்பது புதிய வழக்கம் அன்று. மலபார் கலெக்டராக இருந்த எச். வி. கனோலியின் முயற்சியால் 1840-களிலேயே நிலம்பூரில் தேக்குத் தோட்டம் எழுந்தது. தடித்த ஓட்டுக்குள் அடைந்து கிடக்கும் தேக்கு விதை எளிதில் முளைப்பதில்லை. பெரும் எண்ணிக்கையில் அதை முளைக்கவைத்துக் கன்றுகளாக்கி நட்டுக் காட்டியவர் சாத்து மேனன் என்னும் வன அலுவலர். அந்தப் பழைய தோட்டத்தில் எஞ்சிய ஒரு சிறு பகுதி இன்றும் அங்கே பாதுகாக்கப்படுகிறது. அங்கே நிற்கும் மரங்களும் மனிதர் நட்டவைதாம்; அவற்றை எந்தக் காட்டு மரத்துக்கும் குறைந்தவை என்று யாரும் சொல்லத் துணியமாட்டார்கள்.

ஆகவே கேட்க வேண்டியது மரம் எங்கே வளர்ந்தது என்பதைவிட எத்தனை வயது வரை வளர விடப்பட்டது என்பதுதான். ஐம்பது, அறுபது, எண்பது ஆண்டுகள் நிற்கவிட்டு வெட்டுவது பழைய முறை. இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் வெட்டப்படும் மரத்தில் வைரம் சிறுத்தும் வெள்ளை பெருத்தும் இருக்கும். உள்ள வைரத்திலும் காப்புச் சேர்மங்கள் முழுமையாகப் படிந்திருப்பதில்லை. மக்காமல் நீடித்திருக்கும் திறனைக் கொண்டு மரங்களை ஐந்து வகுப்புகளாகப் பிரிக்கும் ஐரோப்பியத் தரவரையறை, காட்டில் முதிர்ந்த தேக்கை முதல் வகுப்பில் வைத்துவிட்டுத் தோட்டத் தேக்குக்கு முதல் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை இடம் விட்டிருப்பது இதனால்தான். வளையங்கள் அகலமாக இருந்தால் மரம் மட்டம் என்று சொல்வோரும் உண்டு. அதை நம்பி நல்ல பலகையைத் தள்ளிவிடாதே. தேக்கில் பெருந்துளைகள் பருவத் தொடக்கத்தில் ஒரு வரிசையாக உருவாகி, அதன்பின் அடர்ந்த பகுதி வளர்கிறது. அதனால் வேகமாக வளர்ந்தது என்ற ஒரே காரணத்தால் அதன் வலு குறைந்துவிடுவதில்லை. வைரம் எவ்வளவு, ரேகை நேராக ஓடுகிறதா, முடிச்சுகள் எங்கே இருக்கின்றன, மரத்தின் நட்டநடு மையமான நடுத்தண்டு பலகைக்குள் வந்திருக்கிறதா என்பவற்றையே பார். நடுத்தண்டு உள்ளடங்கிய கட்டை வெடிக்காமல் இருப்பது அரிது.

பெயரைப் பற்றியும் எச்சரிக்கையாக இரு. ஆப்பிரிக்கத் தேக்கு, பிரேசில் தேக்கு என்றெல்லாம் வணிகத்தில் வழங்கும் மரங்கள் தேக்குக் குடும்பத்தையே சேர்ந்தவை அல்ல. ஆப்பிரிக்காவின் இரோகோவும் அஃப்ரோர்மோசியாவும் நல்ல மரங்களே. தென்னமெரிக்காவின் குமாரு மிகக் கடினமானது. அவற்றை அவற்றின் சொந்தப் பெயரிலும் சொந்த விலையிலும் வாங்குவதில் தவறில்லை. பழைய கட்டடங்களைப் பிரித்த தேக்கு கிடைக்குமானால் அதைத் தவறவிடாதே. பல பத்தாண்டுகள் அசைந்து ஓய்ந்த மரம் அது. உள்ளே ஒடிந்து கிடக்கும் ஆணிகளை மட்டும் உலோகம் காட்டும் கருவி கொண்டு தேடி எடுத்தபிறகே ரம்பத்துக்குக் கொடுக்க வேண்டும்.

வேலை செய்யும்போது கவனிக்க வேண்டியவை சில. தேக்கு பார்ப்பதற்கு மென்மையாக இழைபட்டாலும் அதில் சிலிக்கா கலந்திருக்கிறது. உளியும் இழைப்புளியும் விரைவில் மழுங்கும், இயந்திர ரம்பத்துக்குக் கார்பைடு பல் தேவைப்படும். எண்ணெய்ப் பசையின் காரணமாகப் பசை சரியாகப் பிடிக்காமல் போவதுண்டு. இழைத்த சில மணி நேரத்துக்குள், அசிட்டோன் தோய்த்த துணியால் முகத்தைத் துடைத்துவிட்டு ஒட்டினால் பிடிப்பு உறுதியாக இருக்கும்; வார்னிஷ் காயத் தாமதித்தாலும் இதே மருந்துதான். உப்புத்தாள் போடும்போது பறக்கும் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பையும் மூச்சில் எரிச்சலையும் உண்டாக்கும். வேலை செய்பவர்களுக்கு முகக்கவசம் வாங்கிக் கொடுப்பது உன் பொறுப்பு என்று எண்ணிக்கொள், அவர்களாகக் கேட்கமாட்டார்கள்.

இனி உன் பட்டியலுக்கு வருகிறேன். வெளிவாசலின் நிலையும் கதவும், மழையும் வெயிலும் படும் சன்னல்களின் சட்டங்கள் யாவும் முதிர்ந்த தேக்காகவே இருக்கட்டும். ஈரம், வெப்பம், கரையான், துல்லியமாகப் பொருந்த வேண்டிய தேவை ஆகிய நான்கும் சேர்ந்து தாக்கும் இடம் அது. அங்கே கொடுக்கும் பணம் வீணாகாது. குளியலறைக் கதவின் நிலைக்கும் இது பொருந்தும். திண்ணைக்கோ தோட்டத்துக்கோ ஒரு நீள்இருக்கை செய்ய வேண்டுமென்றால் அதையும் தேக்கில் செய்து, பித்தளை அல்லது துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகளைப் பயன்படுத்து. வெளியில் நிற்கும் தேக்கு நாளடைவில் சாம்பல் நிறமாக வெளுக்கும். அது மேற்பரப்பில் மட்டும் நிகழும் மாற்றம். மரம் கெடுகிறது என்று பொருள் அன்று. அந்த நிறம் பிடித்திருந்தால் ஒன்றும் பூசாமலே விட்டுவிடலாம். பொன்னிறமாகவே இருக்க வேண்டும் என்றால் எண்ணெயோ பூச்சோ தவறாமல் மீண்டும் மீண்டும் போட வேண்டியிருக்கும். அந்த உழைப்பை ஏற்பதா என்பதை நீதான் முடிவு செய்ய வேண்டும். புதிதாக அறுத்த பலகையில் பச்சையும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாகத் தெரிந்தால் திகைக்காதே. ஒளியும் காற்றும் பட்டதும் அது ஒரே பொன்பழுப்பாகத் தெளிந்துவிடும்.

அறைகளுக்கு நடுவே வரும் உட்கதவுகளுக்குச் சட்டம் மட்டும் தேக்காக இருந்தால் போதும். கட்டிலுக்குத் தலைப்பலகையையும் கால்களையும் தேக்கில் செய்யலாம். மெத்தைக்கு அடியில் யாரும் பார்க்காத குறுக்குச் சட்டங்களுக்கு நன்றாக உலர்ந்த வேறு எந்த மரமும் உதவும். அலமாரியின் உடலை நல்ல தரமான பிளைவுட்டில் செய்து, முகப்புக்குத் தேக்கு வெனீர் ஒட்டச் சொல். ஒரு நல்ல கட்டையிலிருந்து மெல்லிய தாள்களாகச் சீவி எடுத்தால் அதே மரம் பல வீடுகளின் முகப்பை அழகு செய்யும். அரிய மரத்தை அலமாரியின் முதுகுப்பலகையாகச் சுவரோடு சாத்தி மறைப்பதை என் மனம் ஏற்பதில்லை. மியான்மர் 2014-ஆம் ஆண்டு கட்டைகளாக ஏற்றுமதி செய்வதை நிறுத்தியதும், தாய்லாந்து 1989-இலேயே இயற்கைக் காடுகளில் வணிக நோக்கில் மரம் வெட்டுவதைத் தடை செய்ததும், முதிர்ந்த தேக்கு எவ்வளவு அருகிவிட்டது என்பதற்குச் சான்றுகள். எங்கிருந்து வந்தது என்பதற்கான முறையான ஆவணம் இல்லாத மரத்தை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்க வேண்டாம்.

நிலைகளின் உயரம், அகலம், சுவரின் கனம் ஆகியவற்றை அளந்து, சன்னல்களில் எவை மழை அடிக்கும் திசையில் வருகின்றன என்பதையும் குறித்து அனுப்பு. எத்தனை கன அடி தேவைப்படும், எந்தெந்தத் துண்டை எந்த வாக்கில் அறுக்க வேண்டும் என்பதை நான் கணக்கிட்டு எழுதுகிறேன். மரம் வந்து இறங்கியதும் உடனே வேலையைத் தொடங்க விடாமல், தரையில் படாதபடி கட்டைகள் வைத்து, பலகைகளுக்கு இடையே காற்று புகும்படி குச்சிகள் கொடுத்து, நிழலில் சில வாரங்கள் அடுக்கி வைக்கச் சொல். வீட்டில் அனைவருக்கும் என் அன்பைத் தெரிவி.

என்றும் உன் அன்புள்ள,
பழைய நண்பன்